கிணறு இல்லாதவள்

பள்ளிக்கூடத்துச் சுவரில் பேனரைக் கட்டிவிட்டு, டீயும் மசால்வடையும் கொடுத்து, உங்கள் பிரச்சினையை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. நம் வாயாலேயே சொல்லவைத்து நம் தலையிலேயே கட்டிவிட்டுப் போவார்கள். அதனால், வறட்சியைச் சமாளிக்க ஊரையே தயார்படுத்தப் போகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தபோது, வடையை வாங்கிக்கொண்டு நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால்தான் யார் முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் வருகிற தூரம்தான். கிணற்றுப் பாசனம் கொஞ்சம், மிச்சமெல்லாம் மழையை நம்பிய மேட்டு நிலம். நாங்கள் கொல்லை என்போம். கிணறுகள் எல்லாம் ஊர்க்காரர்களுக்கு. காலனியில் இருக்கும் எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாய். நான் திண்டிவனத்தில் பி.ஏ. படித்தவள். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் மினிவேன் ஓட்டுகிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு துண்டுக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து, ஆடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தோம். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். எழுத்து எதுவும் கிடையாது, ஒவ்வொரு வருஷமும் போனில் பேசுகிற பேச்சுதான். மகசூல் சரியாக வரவில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த வேறு ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைக்காரர். ஐம்பது தாண்டியவர், காலருக்குள் கைக்குட்டை வைத்திருப்பார், எப்போதும் சிரித்துத்தான் பேசுவார். சிரித்துப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மடங்கு கூடுதல் சந்தேகம். அவருக்கு நல்ல கிணறு, கிணற்றை ஒட்டி மல்லாட்டை, அதற்கப்பால் சவுக்குத் தோப்பு. என் துண்டும் சேர்ந்தால் தோப்பு ரோடு வரைக்கும் ஒரே நேராகப் போகும். "இந்தத் துண்டுல சவுக்கு வெச்சா இன்னாமா வரும் தெரியுமா" என்று ஒரு நாள் என் வரப்பில் நின்றுகொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அவர் என் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே, தோப்புக்கு அளவெடுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கூட்டத்துக்கு வருகிறேன். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண் கோலியனூர்ப் பக்கம். ஸ்கூட்டியில் விழுப்புரம் ஆபீசுக்கும் எங்கள் ஊருக்குமாக அலைகிறவள். பள்ளிக்கூட வாசலில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போட்டு, அவரவர் கிணறு இருக்கும் இடத்தில் ஒரு கல் வையுங்கள் என்றாள். நிறைய தண்ணீர் இருந்தால் பெரிய கல், குறைவாக இருந்தால் சின்னக் கல். பெரிய மனிதர்கள் எழுந்துபோய் வைத்ததைப் பார்க்க வேண்டுமே. தன் கிணற்றுக்கு ஆளுக்கொரு கூழாங்கல். பக்கத்துக்காரன் கிணற்றுக்கு முழுச் செங்கல். ஒருவர் தன் கிணற்றுக்கு ஒன்றுமே வைக்காமல் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

அவர்களுக்கு இருந்த பயம் எனக்குப் புரிந்தது. கிணற்றைக் கணக்கெடுக்கிறார்கள் என்றால் மோட்டாருக்கு மீட்டர் வரப்போகிறது, இலவசக் கரண்ட் போகப்போகிறது என்று நினைத்தார்கள். எனக்கு வேறு பயம். படம் போட்டு எடுத்துக்கொண்டுபோய் எந்தக் கம்பெனிக்குக் காட்டப்போகிறார்களோ, தரிசு என்று எழுதி நிலத்தை வளைத்துவிடுவார்களோ என்று நினைத்தேன். ஆக மொத்தம் அந்தப் பெண்ணை அங்கே ஒருவரும் நம்பவில்லை. தங்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தில்தான் ஊர்த் திட்டம் போட்டார்கள்.

திட்டம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் மட்டத்தை அளந்து, ரேஷன் கடைச் சுவரில் உள்ள கரும்பலகையில் எழுத வேண்டும். ஒரு கோடு வைத்துக்கொள்வார்கள். கோட்டுக்கு மேலே தண்ணீர் இருக்கிற கிணற்றுக்காரர், பக்கத்தில் எவர் பயிராவது காய்ந்து சாகிற நிலைமையில் இருந்தால் ஒரு தண்ணீர், அதாவது ஒரு தடவை பாய்ச்சுகிற அளவு, கொடுக்க வேண்டும். வாங்கினவர்கள் அறுவடையில் வந்து செடியிலிருந்து மல்லாட்டைக் காய்களை ஆய்ந்து கொடுக்க வேண்டும். காசு கிடையாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு சுலபமாகப் போடுகிறார்களே என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

அளப்பது யார் என்ற கேள்வி வந்ததும் அந்தப் பெண் நேராக என்னைப் பார்த்தாள். "கெணறு வெச்சிருக்கறவங்க அளந்தா இன்னொருத்தர் நம்ப மாட்டாங்க. இந்த அக்காவுக்கு கெணறு இல்ல. பொய் சொல்றதுக்கு அவங்களுக்குக் காரணமே இல்ல" என்றாள்.

ஊர்க்காரர்கள் உடனே தலையாட்டிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காலனிக்காரி, நம் கிணற்றுக் கரையில் நின்று நம்மையே எதிர்த்து வாய் திறப்பாளா என்று அவர்கள் போட்ட கணக்கு அது. மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. என் அம்மா அதே கிணறுகளுக்குக் குடத்தோடு போனால், ஊர்க்காரர்கள்தான் தண்ணீரைச் சேந்தி மேலிருந்து ஊற்றுவார்கள். கயிற்றை அவள் தொடக்கூடாது. சரி, நானே அளக்கிறேன் என்றேன்.

நைலான் கயிற்றில் முழத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி, நுனியில் ஒரு கல். அவ்வளவுதான் கருவி. முதல் கிணற்றில் கயிற்றை இறக்கப் போனேன். கிணற்றுக்காரர் பக்கத்தில் நின்று, "பாத்துமா, ஜல்தியா உட்டுட்டு எடு" என்றார். நான் வேண்டுமென்றே மெதுவாக விட்டேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் கிணற்றிலும் அளந்தேன். கோட்டுக்குக் கீழே இருந்தது. அவர் கையை விரித்து, "இன்னாம்மா பண்றது, எனக்கே பத்தல" என்று சிரித்தார். எல்லாக் கிணறும் கோட்டுக்குக் கீழேதான். அடுத்த முறையும் அப்படித்தான். ஊரில் ஒரு கிணற்றில்கூடக் கொடுக்கிற அளவுக்குத் தண்ணீர் இல்லை என்று பலகை சொன்னது. நானும் என் கையெழுத்தில் அதைத்தான் எழுதினேன்.

ஆவணியில் மழை ஏமாற்றிவிட்டது. செடி பூத்து, பூவிலிருந்து ஊசி மண்ணுக்குள் இறங்குகிற நேரம். மண் இளகி இருந்தால்தான் ஊசி உள்ளே போய்க் காய் பிடிக்கும். செம்மண் சிமெண்டு மாதிரி இறுகிப்போனது. உச்சிவெயிலில் இலை எல்லாம் இரண்டாக மடிந்து நிற்கும். பார்த்தால் அழுகை வரும். ஒரே ஒரு தண்ணீர் போதும், பயிர் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும், ரோடு வரைக்கும் சவுக்கு நிற்கும்.

அந்த நிலைமையில் ஒரு சனிக்கிழமை காலை அளக்கப் போய்க்கொண்டிருந்தேன். கிணற்றுக் கொல்லைகளுக்குப் போகிற வண்டிப்பாதையில் என் செருப்பு மாட்டிக்கொண்டது. சேறு. காலை இழுத்தால் செருப்பு வாரே அறுந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். மழை பெய்து எவ்வளவு நாளாகிறது, பாதையில் சேறு எங்கிருந்து வந்தது?

சேற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். வாய்க்கால் வழிந்து பாதைக்கு வந்திருந்தது. வாய்க்காலில் போனால் ஒரு கிணற்று மோட்டார். மோட்டாரின் மேல் கை வைத்தேன், சூடு ஆறவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கீழே கிடந்தது, அதற்கு மேலே உள்பக்கக் கல்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஈரம். கொஞ்ச நேரம் முன்னால் வரைக்கும் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. அடுத்த கிணற்றிலும் ஈரம். அதற்கடுத்ததிலும்.

சனிக்கிழமை நான் வருவேன் என்று எல்லாருக்கும் தெரியும். விடியற்காலை த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டு, தண்ணீரை இறைத்துத் தள்ளி, கிணற்றை ஏழையாக்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போனால் என்ன? ஏற்கெனவே நனைந்த தென்னைக்குப் போகட்டும், பாதைக்குப் போகட்டும், பக்கத்துக்காரன் பயிருக்கு மட்டும் போகக்கூடாது. உலகத்தில் தண்ணீரைத் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். தன் தண்ணீரைத் தானே கொட்டி ஒளிக்கிறவனை எங்கள் ஊரில்தான் பார்த்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் கிணற்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அங்கேயும் ஈரம். அவர் கையை விரித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். கயிறு என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள் அக்கா, ஈரத்தை எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லை என்றாள். ஊர் எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு நல்ல ரிப்போர்ட், அடுத்த வருஷத்துக்கும் அவள் வேலை நிலைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது அவள் நினைப்பா, என் புத்தியா என்று இன்றுவரை தெரியாது. போனை வைத்துவிட்டேன்.

படிவத்தில் இடம் இல்லாவிட்டால் என்ன, பலகையில் இடம் இருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தண்ணீர் எத்தனை முழம் என்று வெள்ளைச் சாக்பீஸில் எழுதினேன். பக்கத்தில், ஈரம் எதுவரை என்று சிவப்புச் சாக்பீஸில் எழுதினேன். அரிசி வாங்க வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் சிவப்பை யாரோ துடைத்துவிட்டார்கள். மறுநாள் மறுபடியும் எழுதினேன். அதற்குப் பிறகு, உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் டீக்கடையில் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து அப்படியே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

அந்த வாரத்திலேயே சென்னையிலிருந்து நிலத்துக்காரர் கூப்பிட்டார். ஊரில் ஏதோ தகராறாமே என்று கேட்டார். யார் சொன்னது என்றேன். பக்கத்துக் கொல்லைக்காரர்தான் போன் செய்தார் என்றார். அறுவடை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அறுவடைக்குப் பிறகு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் பயிர் கருகட்டும் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் தண்ணீரையும் கொட்டினார், போனும் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்கக் கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் வந்தால் நாலு வார்த்தை கேட்பதற்காக. வரவில்லை.

கூட்டம் போடச் சொல்லி நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அடுத்து அளக்கிற நாளன்றே, பள்ளிக்கூடத்தில் கூட்டம். விழுப்புரத்திலிருந்து அந்தப் பெண்ணும் வந்தாள். நான் எழுந்து, வண்டிப்பாதைச் சேற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இல்லை என்று யாருமே மறுக்கவில்லை. அவன் இறைத்தான், அதனால் நான் இறைத்தேன் என்றார்கள். இவன் முதலில் போட்டான், இல்லை அவன்தான் முதலில் போட்டான் என்று சத்தம் போட்டார்கள். அவரவர் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் அடுத்தவர் மோட்டார் பற்றித்தான்.

பக்கத்துக் கொல்லைக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். கை முழுக்கக் கிரீஸ். முகத்தில் சிரிப்பு இல்லை, முதல் தடவையாக.

"விடிகாலைல மோட்டாரு போட்டேன். நெறைய எறச்சு எறச்சு ஊத்தே நின்னுபோச்சு. மோட்டாரு காத்த இழுத்துக்கினு ஓடி, உள்ள இருக்கற காயிலு எரிஞ்சிடுச்சு" என்றார். கைக்குட்டையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "தண்ணி இல்லேன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். இப்ப நெசமாவே இல்ல" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம், எரிந்துபோன மோட்டாரைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். கூட்டத்தை விட்டுவிட்டு நேராக அவர் கிணற்றுக்குப் போய்க் கயிறு விட்டேன். கல் சேற்றில் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்து, உண்மைதான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போயிற்று. அவர் கிணற்றுக்கு வந்தது தங்கள் கிணற்றுக்கும் வரும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அளக்கிற நாளை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. எந்த நாள், எந்தக் கிணறு என்பது என் இஷ்டம். ஈரம் தெரிந்தால் தண்ணீர் இருந்ததாகவே கணக்கு. இதைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்துக் கொல்லைக்காரர்தான். தன் கிணறு வற்றின பிறகு நியாயம் பேசுவது யாருக்கும் வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் அடுத்த சில நாளில் சொல்லாமல் போய் அளந்தேன். ஏரிக்கரைப் பக்கத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் கோட்டுக்கு நன்றாக மேலே நின்றது. முதல் தண்ணீர் இரண்டு பேருக்கு, எனக்கும் பக்கத்துக் கொல்லைக்காரருக்கும். ஓஸ் குழாய் அவருடையது, அவர் கொல்லையைத் தாண்டித்தான் எனக்கு வர வேண்டும். தன்னுடையதைப் பாய்ச்சிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடுவார் என்று நான் காலையிலிருந்து குழாய் பக்கத்திலேயே நின்றேன்.

"உன்னுது மேடு. மொதல்ல மேட்டுக்குக் கட்டிக்கோ, மிச்சம் தானா எங்கொல்லைக்கு எறங்கிடும்" என்றார்.

இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் கட்டினேன். ஒன்றும் தென்படவில்லை. தண்ணீர் பாத்தி பாத்தியாகப் போய், செம்மண் கறுத்து, இலை விரிய ஆரம்பித்ததும் நான் அழுதுவிட்டேன். அவர் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐப்பசியில் பிடுங்கினோம். பெரிய மகசூல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிலத்துக்காரர் முகம் சுளிக்கிற மகசூல் இல்லை. ஏரிக்கரைக் கிணற்றுக்காரர் வீட்டுக் களத்தில், பேசினபடி, நானும் பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டுப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆய்ந்தோம். அவரும் ஒரு கோணியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே இருக்கும்போதுதான் நிலத்துக்காரர் போன் வந்தது. எழுந்து தள்ளிப்போய் எடுத்தேன். காதுக்குள் சவுக்குத் தோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

நிலத்துக்காரர் அவசரத்தில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு உனக்கே என்று எழுதிக்கொள்ளலாம், திண்டிவனம் வரும்போது கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் சவுக்குக்குக் கேட்டாரே என்றேன். கேட்டது போன வருஷம், இந்த வருஷம் போன் செய்தபோது, நிலத்தை அந்த அம்மாவிடமிருந்து மாற்றாதீர்கள் என்று அவரேதான் சொன்னார் என்றார்.

திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நேராகக் கேட்டேன். என் மேல் இரக்கப்பட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால், அந்தக் கையெழுத்தே எனக்கு வேண்டாம் என்று எழுந்து போயிருப்பேன்.

அவர் காய்களை உதறிக்கொண்டே, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார். "நெலம் போச்சின்னா நீ வேன்காரரோட டவுனுக்குப் போயிடுவ. அப்புறம் யாரு அளப்பா? இவனுங்க அளந்தா நான் நம்பணுமே. நான் அளந்தா இவனுங்க நம்ப மாட்டானுங்க."

நம்பினேன். எங்கள் ஊரில் நான் கேட்டதிலேயே நம்பத் தகுந்த காரணம் அதுதான். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. மூன்று வருஷம் அந்தத் துண்டு என்னுடையது. அவரும் சிரித்தார். அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"ஒண்ணுமட்டும் செய்யாதம்மா. லோன் குடுக்கறாங்க, அது இதுன்னு கெணறு கிணறு போட்டுக்கினு உக்காந்துடாத. உனக்குன்னு கெணறு இருந்தா அப்புறம் உன்னையும் நம்ப முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி இருந்த பெண்களும் சிரித்தார்கள். என் அம்மாவுக்குக் கிணறு இல்லாததால் இவர்கள் கிணற்றுக்குப் போனாள், கயிற்றைத் தொடக்கூடாது என்றார்கள். எனக்குக் கிணறு இல்லாததால்தான் கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கிணறு மட்டும் இரண்டு பேருக்கும் இல்லை.

நான் ஒரு கொத்து மல்லாட்டையை எடுத்து ஆய்ந்துகொண்டே, "அந்தத் துண்டுல போர் போட்டா எவ்ளோ ஆழத்துல தண்ணி வரும்ணா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.